93 சதவீதம் கட்டிய பிறகு: ஒரு குருகிராம் ஃபிளாட்டும் திரும்பி வந்த முன்பணமும்

2012 மே 8 அன்று குருகிராமில் ஒருவர் புது ஃபிளாட் வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். செக்டர் 62, கோல்ஃப் கோர்ஸ் எக்ஸ்டென்ஷன் ரோடு. திட்டத்தின் பெயர் அராயா, கட்டும் நிறுவனம் பயனியர் அர்பன் லேண்ட் அண்ட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர். மொத்த விலை 4,83,25,280 ரூபாய். அவர் வழக்குப் போட்டுத் திரும்பக் கேட்ட தொகை 4,48,43,026 ரூபாய். கணக்குப் போட்டால் விலையில் ஏறக்குறைய 93 சதவீதம். அவ்வளவும் கட்டி முடித்திருந்தார். குடியேற வீடுதான் இல்லை.

2019 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா. பில்டர் எழுதிய ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகு இந்தியா முழுவதும் ஃபிளாட் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

நாலே முக்கால் கோடி ரூபாய் ஃபிளாட் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். பெரும்பாக்கத்தில் 45 லட்சத்துக்கு வாங்குபவரும், கோவை சரவணம்பட்டியில் 60 லட்சத்துக்கு வாங்குபவரும் கையெழுத்துப் போடும் தாளில் இதே வகை ஷரத்துகள் இருக்கக்கூடும். குருகிராமில் வாங்கியவருக்கு டெல்லி வரை வழக்கு நடத்தும் வசதி இருந்தது. 45 லட்சம் கடன் வாங்கியவருக்கு அது இருக்காது. அவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும். இந்த வழக்கை ஷரத்து ஷரத்தாகப் பிரித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

தேதி எழுதிய விதம்

வாங்குபவர் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்போது சாவி கொடுப்பீர்கள்?" விற்பனை அலுவலகத்தில் ஒரு மாதமும் வருடமும் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

அராயா ஒப்பந்தத்தின் 11.2 ஷரத்து இப்படிப் போகிறது: மண் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து 39 மாதங்களுக்குள் ஆக்குபன்சி சான்றுக்கு (கட்டிடத்தில் குடியேறலாம் என்று அதிகாரிகள் தரும் சான்று) விண்ணப்பிக்க பில்டர் எல்லா முயற்சியும் எடுப்பார். அதற்கு மேல் 180 நாள் சலுகைக் காலம்.

இதில் மூன்று இடத்தில் தேதி நழுவுகிறது. கணக்கு ஆரம்பிப்பது கையெழுத்துப் போட்ட நாளில் இல்லை, மண் தோண்டிய நாளில். எப்போது தோண்டுவது என்பது பில்டர் கையில் இருக்கிறது. அப்புறம், வாக்குறுதி வீட்டை ஒப்படைப்பது பற்றி இல்லை, சான்றுக்கு விண்ணப்பிப்பது பற்றி மட்டும்தான். அதுவும் "முயற்சி எடுப்பார்" என்ற அளவோடு நிற்கிறது. பணம் கட்டும் பக்கத்தைப் புரட்டினால் வாங்குபவர் "முயற்சி எடுப்பார்" என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. இன்ன கட்டத்தில் இவ்வளவு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இன்ன வட்டி என்று துல்லியமாக இருக்கும்.

இந்த வழக்கில் மண் தோண்டும் வேலை 2012 ஜூன் 4 அன்று தொடங்கியது. அதனால் 39 மாதம் 2015 செப்டம்பர் 4 அன்று முடிந்தது. சலுகைக் காலமும் சேர்த்தால் 2016 மார்ச் 4. அந்தத் தேதியிலும் பில்டர் விண்ணப்பிக்கவில்லை. ஆக்குபன்சி சான்று கடைசியில் கிடைத்தது 2018 ஜூலை 23 அன்று. வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி கடிதம் வந்தது 2018 ஆகஸ்ட் 28 அன்று.

ஒப்பந்தத்தில் கடைசித் தேதி ஒன்றாவது எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. எதுவுமே எழுதாமல் பணம் வாங்கும் பில்டர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு மும்பை வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தேதி இல்லையென்றால் நியாயமான காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று சொல்லி, அந்த வழக்குக்கு மூன்று வருடம் என்று வைத்தது. கோர்ட் இப்படிக் கைகொடுக்கும் என்று நம்பி தேதி எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. மூன்று வருடம் என்று தெரிந்துகொள்ளவே பல வருட வழக்கு ஆகிவிடும்.

18-க்கும் 9-க்கும் நடுவே

வழக்கின் உயிர்நாடி இந்தப் பகுதிதான்.

தவணை தாமதமானால் வாங்கியவர் கட்ட வேண்டிய வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். வீடு தாமதமாகி, பில்டர் பணத்தைத் திருப்பித் தருவதும் தள்ளிப்போனால் அவர் தர வேண்டியது 9 சதவீதம். ஒரே ஒப்பந்தம், ஒரே பணம், சரிபாதி வட்டி.

ரத்து செய்யும் உரிமையைப் பாருங்கள். வாங்கியவர் ஏதாவது ஒரு ஷரத்தை மீறினால் பில்டர் நோட்டீஸ் அனுப்பலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே ரத்தாகும், முன்பணம் முழுவதையும் பில்டர் எடுத்துக்கொள்ளலாம். பில்டர் தவறினால் நடைமுறையே வேறு. வாங்கியவர் சலுகைக் காலம் முடிந்து இன்னும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கும் பிறகு பணத்தைத் திருப்ப பில்டருக்கு 90 நாள். அப்போதும் வரி, வட்டி, அபராதம் என்று கழித்துக்கொண்டு மிச்சம்தான் வரும். அதையும் தாமதித்தால் மட்டுமே அந்த 9 சதவீதம் தொடங்கும்.

தேதிகளைப் பொருத்திப் பார்த்தால் இது எவ்வளவு நீளம் என்று புரியும். சலுகைக் காலம் முடிந்தது 2016 மார்ச்சில். 12 மாதம் கழித்து 2017 மார்ச். இரண்டு 90 நாட்களும் சேர்ந்தால் 2017 ஆகஸ்ட் கடைசி. ஒப்பந்தத்தை அப்படியே மதித்து நடந்திருந்தால், பணத்தைக் கேட்கும் நிலைக்கு வரவே சலுகைக் காலம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும்.

இவர் அப்படிக் காத்திருக்கவில்லை. 2017 ஜனவரி 27 அன்று, அந்த 12 மாதம் முடிவதற்கு முன்பே, தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டார். இந்த வழக்கில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு இது என்று நினைக்கிறேன். ஏன் என்றால், வீடு தயாராகி சான்றும் வந்தபோது அவர் ஏற்கெனவே ஆணையத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். 2017 பிப்ரவரியிலேயே அவருடைய ஒதுக்கீட்டை ரத்து செய்யக் கூடாது என்று பில்டருக்கு இடைக்காலத் தடையும் வாங்கியாகிவிட்டது.

தீர்ப்பு

பில்டரின் வாதம் எதிர்பார்த்ததுதான்: கட்டிடம் முடிந்துவிட்டது, சான்றும் வந்துவிட்டது, இனி வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள். வாங்கியவர் இதற்குள் குருகிராமிலேயே வேறொரு வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டார். இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு இந்த வீடு தனக்கு வேண்டாம் என்றார்.

2018 அக்டோபர் 23 அன்று ஆணையம் முழுத்தொகையையும் 10.7 சதவீத தனிவட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. அவர் கேட்டிருந்தது 18 சதவீதம். 10.7 என்ற எண்ணை ஆணையம் ஹரியானாவின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) விதிகளிலிருந்து எடுத்தது. பில்டர் மேல்முறையீடு செய்தார், உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பின் சாரம் இதுதான். பில்டர் தயாரித்த ஒப்பந்தத்தில் கோடிட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழியில்லாமல் இருந்தது என்று காட்ட முடிந்தால், அந்த ஷரத்துகள் அவரைக் கட்டுப்படுத்தாது. அப்படிப்பட்ட ஷரத்துகளை எழுதுவதே 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதுவரை "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்ற ஒரு வரியில் எத்தனையோ பேரின் வாயை அடைத்திருந்தார்கள். அந்த வரி இந்தத் தீர்ப்போடு வலுவிழந்தது.

வெற்றியின் விலை

இனி தீர்ப்பைப் பாராட்டுபவர்கள் அதிகம் பேசாத பக்கம்.

கையெழுத்திலிருந்து இறுதித் தீர்ப்புவரை ஏறக்குறைய ஏழு வருடம். 10.7 சதவீதம் என்பது தனிவட்டி. அதாவது 4.48 கோடிக்கு வருடத்துக்கு சுமார் 48 லட்சம், ஒவ்வொரு வருடமும் அதே 48 லட்சம்தான், வட்டிக்கு வட்டி கிடையாது. வங்கிக் கடனில் வாங்கும் சாதாரணக் குடும்பம் இதே காலத்தில் ஈஎம்ஐ-யும் கட்டும், வாடகையும் கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பில்டரிடம் திருப்பித் தரப் பணம் இருந்தது. இல்லாதிருந்தால் இதே தீர்ப்பு வெறும் காகிதம். அதே 2019 ஜூலை 23 அன்று அம்ரபாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் சுமார் 42,000 பேர் பணம் கட்டி வீடில்லாமல் நின்றார்கள். கட்டியவர்களின் பணம் வேறு வேறு கம்பெனிகளுக்குப் போயிருந்ததைக் கோர்ட் நியமித்த தணிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுமத்தின் ரெரா பதிவைக் கோர்ட் ரத்து செய்தது. பாதியில் நின்ற கட்டிடங்களை அரசு நிறுவனமான என்பிசிசி முடித்துக் கொடுக்க வேண்டும் என்றது. அங்கே இருந்தவர்களில் பலர் பணத்தைத் திரும்பக் கேட்கும் கட்டத்தையே தாண்டிவிட்டார்கள். வீடாவது வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

பில்டர் திவாலானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2018 ஜூனில் ஒரு பதில் வந்தது. அவசரச் சட்டம் மூலம் வீடு வாங்குபவர்களும் வங்கிகளைப் போல நிதிக் கடன் கொடுத்தவர்களாகக் கருதப்பட்டார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன பில்டர்களில் முதல் பெயரே பயனியர் அர்பன்தான். 2019 ஆகஸ்ட் 9 அன்று அந்த எதிர்ப்பு தோற்றது. ஆனால் சில மாதங்களில், 2019 டிசம்பரில், தனி ஆளாக யாரும் திவால் மனு போட முடியாதபடி சட்டம் மாறியது. ஒரே திட்டத்தில் வாங்கியவர்களில் 100 பேர், அல்லது 10 சதவீதம் பேர், எது குறைவோ அத்தனை பேராவது சேர வேண்டும். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மாற்றம் செல்லும் என்றது. அதனால் உங்கள் திட்டத்தில் வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளிலிருந்தே இருப்பது சட்டரீதியாகவும் பயனுள்ளது.

அந்த 2012 ஒப்பந்தம் இன்று போட்டிருந்தால்

ரெரா சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டின் விதிகள் அதே வருடம் ஜூனில் வந்தன. குருகிராம் ஒப்பந்தத்தின் ஓட்டைகள் ஒவ்வொன்றுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது.

18-க்கு 9 என்ற ஏற்றத்தாழ்வு இனி எழுத முடியாது. இரண்டு பக்கமும் ஒரே வட்டி என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. அந்த வட்டி தமிழ்நாட்டில் ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் என்ற அடிப்படைக் கடன் வட்டி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்தது. 12 மாதக் காத்திருப்பும் போயிற்று. 18-ம் பிரிவின்படி சொன்ன தேதியில் வீடு வராவிட்டால் வாங்கியவர் விலகி, முழுப்பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். விலகாமல் இருக்க விரும்பினால், வீடு வரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். இந்தத் திரும்பப் பெறும் உரிமைக்கு நிபந்தனையே கிடையாது என்று 2021 நவம்பர் 11 அன்று நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பில்டர் மேல்முறையீடு போக வேண்டுமானால் தர வேண்டிய முழுத்தொகையையும் முதலில் கட்டியாக வேண்டும் என்ற பிரிவையும் அதே தீர்ப்பு உறுதிசெய்தது.

முன்பணத்துக்கு நேரடியாகக் காவல் நிற்பது 13-ம் பிரிவு. எழுதிப் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. முன்பணம் என்றாலும் விண்ணப்பக் கட்டணம் என்றாலும் இந்த வரம்புக்குள்தான். இத்தனை எளிமையான ஒரு விதி நம் ஊரில் எவ்வளவு சுலபமாக மீறப்படுகிறது என்பது வருத்தமாக இருக்கிறது. "இந்த மாதம் ரேட் ஏறப்போகிறது சார், 20 பர்சென்ட் கட்டிவிடுங்கள், அக்ரிமென்ட் அடுத்த வாரம் போடலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தை ஏற்றுக்கொண்டதும் உங்களிடம் இருந்த பேரம் பேசும் பலம் போய்விடுகிறது. ஒப்பந்த நகல் கையில் வரும்போது அதில் எந்த ஷரத்து இருந்தாலும் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், ஏன் என்றால் 12 லட்சம் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன "வேறு வழியில்லாமல்" என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

அப்புறம் 70 சதவீதக் கணக்கு. வாங்குபவர்களிடம் வசூலான பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் எடுக்கலாம். எடுப்பதற்குப் பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூன்று பேரின் சான்றும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைக் காப்பீடு போல நினைத்துவிடக் கூடாது. அந்த 70 சதவீதம் கட்டுமானச் செலவுக்கு மட்டும் இல்லை, நிலத்தின் விலைக்கும் சேர்த்து. மீதி 30 சதவீதத்துக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது. வேலையில் செலவான பணம் கணக்கில் இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எவ்வளவு, எப்போது

93 சதவீதத்துக்குத் திரும்பி வருகிறேன். முன்பணம் என்று சொல்லும்போது நாம் முதலில் கொடுக்கும் ஒன்றிரண்டு லட்சத்தை மட்டும் நினைக்கிறோம். சாவி வாங்கும்வரை கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முன்பணம்தான். அதனால் ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் பக்கம் தவணை அட்டவணை.

சிங்கப்பூரில் கட்டி முடிக்காத வீட்டை வாங்குபவர்களுக்கு அரசு வகுத்த வழக்கமான அட்டவணை ஒன்று இருக்கிறது. முதலில் 5 சதவீதம், ஒப்பந்தம் போட்ட பிறகு 20 சதவீதம் வரை. அஸ்திவாரத்துக்கு 10, கான்கிரீட் சட்டகத்துக்கு 10, பிறகு சுவர், கூரை, வயரிங், கார் நிறுத்துமிடம் என்று ஐந்து ஐந்தாக. குடியேறத் தற்காலிக அனுமதி கிடைக்கும் முன்னால் மொத்தமாகக் கட்டியிருப்பது 60 சதவீதம். 25 சதவீதம் அந்த அனுமதி வந்ததும், கடைசி 15 சதவீதம் சட்டப்படி முடியும்போது. ஆக 40 சதவீதம் வாங்குபவர் கையில் இருக்கிறது. கட்டுபவர் வேலையை முடிக்க அதைவிட நல்ல தூண்டுதல் கிடையாது.

நம் ஊர் அட்டவணைகள் முன்பக்கம் சாய்ந்திருக்கும். கடைசி ஸ்லாப் போட்டதும் 85, 90 என்று போய்விடும். பூச்சு, தரை, லிஃப்ட், மின் இணைப்பு, நிறைவுச் சான்று என்று மனதை நோகடிக்கும் வேலையெல்லாம் மிச்சமிருக்கும்போது உங்களிடம் 10, 15 சதவீதம்தான் இருக்கும். கடைசித் தவணையைக் குறைந்தது 10, முடிந்தால் 15 சதவீதமாக வைக்கும்படி, அதை நிறைவுச் சான்றோடு கட்டிப்போடும்படி கேளுங்கள். பெரிய பில்டர் மறுக்கலாம். ஃபிளாட் விற்காமல் நிற்கும் இடத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

கடனில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கு ஏற்பவே வங்கிகள் கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 3 அன்றே சுற்றறிக்கை அனுப்பியது. "வீடு முடியும்வரை ஈஎம்ஐ நாங்கள் கட்டுகிறோம்" என்ற திட்டங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. பணம் முன்கூட்டியே பில்டருக்குப் போனது, பில்டர் ஈஎம்ஐ கட்டுவதை நிறுத்தினார், வங்கி வாங்கியவரைத் துரத்தியது. டெல்லியைச் சுற்றி இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. 2025-ல் உச்ச நீதிமன்றம் பில்டர்-வங்கி கூட்டைப் பற்றி விசாரிக்க சிபிஐ-க்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது. இந்த வகைத் திட்டம் யார் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதே குருகிராமில் வேறு இரண்டு முடிவுகள்

பயனியர் தீர்ப்பைப் படித்துவிட்டு, தாமதம் என்றால் எப்போதும் பணம் திரும்பி வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

2021 ஜனவரி 11 அன்று ஐரியோ கிரேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரே திட்டத்தில் வாங்கியவர்களை இரண்டாகப் பிரித்தது. ஆக்குபன்சி சான்று கிடைத்து, ஒப்படைக்க அழைப்பும் வந்துவிட்ட டவர்களில் இருப்பவர்கள் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. சான்று இன்னும் வராத டவர்களில் இருப்பவர்களுக்குப் பணம் வட்டியோடு திரும்பும். பயனியர் வழக்கிலும் தீர்ப்புக்கு முன் சான்று வந்திருந்தது, ஆனால் பணம் திரும்பியது. எனவே எப்போது கேட்டீர்கள், வீடு எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். விலக நினைப்பவர் சான்று வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று 2025 பிப்ரவரியில் வந்த கோத்ரெஜ் வழக்கு. இதில் பில்டர் வீட்டை முடித்து அழைத்தார். சந்தை விலை இறங்கிவிட்டதால் வாங்கியவர் தானே விலகினார். ஒப்பந்தப்படி விலையில் 20 சதவீதத்தைப் பில்டர் எடுத்துக்கொள்ளலாம். ஒருதலைப்பட்சம் என்று சொல்லி அதை நுகர்வோர் ஆணையம் 10 சதவீதமாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் திரும்பிய தொகைக்கு வட்டி கிடையாது என்று ஆணையம் கொடுத்த வட்டியை எடுத்துவிட்டது. நாமாக மனம் மாறினால் 10 சதவீதம் வரை போகலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

தமிழ்நாட்டில், பணம் எடுப்பதற்கு முன்

ரெரா பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். அங்கே பில்டர் அறிவித்திருக்கும் முடிவுத் தேதியும் விற்பனை அலுவலகத்தில் சொன்ன தேதியும் ஒன்றுதானா? பெரும்பாலும் இணையதளத்தில் இருப்பது தள்ளி இருக்கும். ஒப்பந்தத்தில் மாதம், வருடத்தோடு எழுதச் சொல்லுங்கள். "அஸ்திவாரம் போட்டதிலிருந்து இத்தனை மாதம்" என்று இருந்தால் அடித்து மாற்றச் சொல்லுங்கள். பணம் போகும் கணக்கு அந்தத் திட்டத்தின் தனிக் கணக்குதானா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். "டோக்கன் அட்வான்ஸ் மட்டும் பார்ட்னர் பேருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நம் ஊரில் வெகுகாலம் நிலத்தில் வாங்குபவருக்கு உரிய பிரிக்கப்படாத பாகத்துக்குத் தனிக் கிரயப் பத்திரம், கட்டிடத்துக்குத் தனிக் கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டு தாள் பழக்கம் இருந்தது. 2023 டிசம்பரில் புது ஃபிளாட்டுகளுக்கு நிலமும் கட்டிடமும் சேர்ந்த மதிப்பில் பதியும் முறை வந்தது. இன்னும் இரண்டு தாளாகக் கொடுத்தால், தாமதத்துக்கான வட்டியும் திரும்பப் பெறும் உரிமையும் இரண்டு தாளின் பணத்துக்கும் சேர்ந்து எழுதப்பட்டிருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். நிலத்துக்குக் கட்டிய பணம் கட்டுமான ஒப்பந்தத்தில் வராது என்று பின்னால் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

சென்னையில் கவனிக்க வேண்டிய ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எட்டு ஃபிளாட்டுக்கு மேற்படாமல் கட்டினால் ரெரா பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது 4,800 சதுர அடி, சுமார் 446 சதுர மீட்டர். நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் பழைய வீட்டை இடித்து இரண்டு கிரவுண்டில் ஆறு ஃபிளாட், எட்டு ஃபிளாட் கட்டுவதெல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. இணையதளத்தில் அவற்றைப் பார்க்க முடியாது, 70 சதவீதக் கணக்கும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் முன்பணத்தைச் சின்னதாக வைத்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை நேரில் பார்த்த பிறகே தவணை கொடுக்க வேண்டும். கட்டி முடித்த ஃபிளாட் கிடைத்தால் இன்னும் நல்லது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அனுமதி வரைபடம், நிலத்துச் சொந்தக்காரருக்கும் பில்டருக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் முன்பணத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், பின்னால் இல்லை.

இந்த மாதிரி சின்ன பில்டிங் வாங்கியவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியது நுகர்வோர் சட்டம்தான். பயனியர் தீர்ப்பின் தர்க்கம் அங்கே அப்படியே பொருந்தும். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதைத் தனியாகவே வரையறுக்கிறது. ரெராவில் பதிந்த திட்டத்துக்கும் நுகர்வோர் ஆணையம் போகலாம், இரண்டில் எது வேண்டும் என்று வாங்கியவர் தேர்ந்துகொள்ளலாம் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஷரத்தே நியாயமற்றது என்பதுதான் புகார் என்றால் தொடங்கும் இடம் மாநில ஆணையம். புகார் கொடுக்க இரண்டு வருடக் கெடு உண்டு. சொன்ன தேதி தாண்டிய முதல் மாதமே, தேதியையும் கட்டிய தொகையையும் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபாலும் ஒரு மின்னஞ்சலும் பில்டருக்கு அனுப்பி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.